துணிக்கடையில் உடல் ஸ்கேனர்: உள்ளே போய் நிற்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

போன தை மாதம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளோடு என் தையல் கடைக்கு வந்தார். கல்யாணத்துக்கு ஆறு ஜாக்கெட் தைக்க வேண்டும். வழக்கமாக அளவு ஜாக்கெட் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். அன்று அந்தப் பெண் போனை நீட்டி, "அக்கா, அளவெல்லாம் இதுல இருக்குங்க" என்றாள். பெங்களூரில் ஒரு பெரிய துணிக்கடையில் எந்திரத்துக்குள் நின்று எடுத்ததாம். திரையில் அவள் உடம்பு சாம்பல் நிறச் சிலை போலச் சுழன்றுகொண்டிருந்தது. முகம் மட்டும்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது. அம்மா அதைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்தார். "இந்தப் படம் அந்தக் கடைக்காரங்ககிட்டயும் இருக்குமா?" என்று கேட்டார்.

அந்தப் பெண்ணுக்குப் பதில் தெரியவில்லை. தர்மபுரியில் இருபது வருடத்துக்கு மேல் இஞ்ச் டேப்போடு வாழ்கிற எனக்கும் அன்று தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதன் பிறகு தேடிப் படித்தது, விசாரித்தது, சட்டம் தெரிந்தவர்களிடம் கேட்டது எல்லாவற்றையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி கடைகளில் பெரும்பாலும் இன்னும் டேப்தான். பர்கூரில் மொத்த விலைக்குத் துணி எடுத்து உள்ளூர் டெய்லரிடம் கொடுப்பவர்களுக்கு இந்த எந்திரம் கண்ணில் படவே படாது. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு நாற்பது கிலோமீட்டர்தான், ஞாயிற்றுக்கிழமையானால் மாலுக்குப் போகிற குடும்பங்கள் எத்தனையோ. அது மட்டுமில்லை, "முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு போட்டோ அனுப்புங்கள், அளவு சொல்கிறோம்" என்கிற செயலி அரூரில் உட்கார்ந்திருப்பவர் போனிலும் இறங்கிவிடும். அதற்குக் கடைக்கே போக வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் கேட்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் கேட்பது, "அதுல கதிர் வருமா, உடம்புக்குக் கெடுதலா?" என்றுதான். அந்தப் பயத்துக்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடுகிறது. பதில் கிடைக்காமல் நிற்பது அந்த அம்மா கேட்ட கேள்வி. ஆகவே இந்த வழிகாட்டியில் கதிருக்குக் கொஞ்ச இடமும் படத்துக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

படி 1: எந்த வகை எந்திரம் என்று கண்டுபிடியுங்கள்

பெயரைப் பார்த்து ஒன்றும் புரியாது. உங்களை என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

உடுத்திய துணியோடு ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் நிற்கச் சொல்லி, ஒரு கம்பம் உங்களைச் சுற்றி வந்தால் அது மில்லிமீட்டர் அலை (ஒரு வகை ரேடியோ அலை) எந்திரம். விமான நிலையங்களில் சோதனைக்கு வைத்திருக்கும் கூண்டுக்கு உறவுமுறை. இந்த அலை துணியைத் தாண்டிப் போய், தோலில் உள்ள நீர்ச்சத்தில் பட்டுத் திரும்பி வருகிறது. துணியைக் கழற்றச் சொல்லவில்லை என்பதால் படம் துணியோடு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். எந்திரம் பார்ப்பது துணிக்குள் இருக்கும் உடலை. அமெரிக்காவில் 2000-களிலிருந்தே சில வணிக வளாகங்களில் இதை வைத்துப் பேன்ட் அளவு சொல்லிப் பார்த்தார்கள்.

ட்ரையல் ரூம் மாதிரி திரை போட்ட அறைக்குள், இறுக்கமான உடையோடோ உள்ளாடையோடோ நிற்கச் சொன்னால் அது ஒளியை வைத்து அளப்பது. வெள்ளை ஒளியைக் கோடு கோடாக உடம்பில் விழவைத்து, கோடு எங்கே வளைகிறது என்று பார்க்கும். அல்லது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளைத் தெளித்து ஆழம் பார்க்கும். முகம் காட்டினால் திறக்கிற போன்கள் சிலவற்றில் இருப்பதும் இதே புள்ளி வித்தைதான். துல்லியம் இதில்தான் அதிகம். படம் தெளிவாக இருப்பதும் இதில்தான்.

மூன்றாவது, வெறும் போன் அல்லது டேப்லெட் கேமரா. கடைக்காரப் பையன் கையில் பிடித்து எடுப்பதும் உண்டு, நீங்களே வீட்டில் எடுத்து அனுப்புவதும் உண்டு. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். என் கணக்கில் இருப்பதிலேயே ஆபத்து கூடியது இதுதான், ஏனென்றால் இங்கே முகத்தோடு கூடிய நிஜப் போட்டோ ஒன்று பிறக்கிறது.

சில பெரிய புடவைக் கடைகளில் வைத்திருக்கும் மாயக் கண்ணாடி நான்காவது. முன்னால் நின்றால் உங்கள் மேல் புடவை கட்டியது போலக் காட்டும். அளவு எடுப்பது அதன் வேலை இல்லை, ஆனால் மேலே ஒரு கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.

படி 2: கதிர் பயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

"கடையில் கதிர் இருக்குமா" என்று கேட்பவரைப் படிக்காதவர் என்று யாரும் மட்டமாக நினைக்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு வரலாறு இருக்கிறது. 1920-களிலிருந்து 1950-கள் வரை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் செருப்புக் கடைகளில் எக்ஸ்ரே எந்திரம் வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் காலை விட்டால் ஷூவுக்குள் விரல் எலும்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். குழந்தைகளுக்கு அது விளையாட்டு. அமெரிக்காவில் மட்டும் ஏறக்குறைய பத்தாயிரம் எந்திரங்கள் இருந்தன. கெடுதல் புரிந்து, 1957-இல் பென்சில்வேனியா மாநிலம் முதலில் தடை செய்தது. "இது பாதுகாப்பானது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி முப்பது வருடம் காலை நீட்டியிருக்கிறார்கள்.

இன்றைய துணிக்கடை ஸ்கேனர் அந்த வகை இல்லை. எக்ஸ்ரே கெடுதல் செய்வது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்து எடுப்பதால். அதற்குச் சுமார் 10 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சிறிய அலகு) ஆற்றல் வேண்டும். 30 கிகாஹெர்ட்ஸ் மில்லிமீட்டர் அலையின் ஒரு துகளில் இருப்பது சுமார் 0.0001 எலக்ட்ரான் வோல்ட், அதாவது லட்சத்தில் ஒரு பங்கு. அது தோலில் ஒரு மில்லிமீட்டர்கூட உள்ளே போவதில்லை. அதனால் முடிகிற ஒரே காரியம் லேசாகச் சூடேற்றுவது. சில நொடி நிற்கும் கூண்டில் இருக்கும் சக்திக்கு அந்தச் சூடும் உணரும்படி இருக்காது. ஒளி வைத்து அளப்பதில் அதுவும் இல்லை, அது வெறும் வெளிச்சம்.

விமான நிலையங்களில் ஒரு காலத்தில் குறைந்த அளவு எக்ஸ்ரே எந்திரங்களும் இருந்தன. அமெரிக்காவில் 2013-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். குழப்பம் அங்கிருந்து வந்ததுதான். நம் நாட்டில் எக்ஸ்ரே கருவி வைத்து நடத்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். துணிக்கு அளவெடுக்க எக்ஸ்ரே என்று எவராவது சொன்னால் அங்கே நிற்காமல் வெளியே வந்துவிடுங்கள்.

உடம்பு விஷயத்தில் நிஜமாகவே கவனிக்க வேண்டியவர்கள் இரண்டு தரப்பினர். மினுக் மினுக்கென்று வெட்டும் வெளிச்சத்தைப் பார்த்தால் வலிப்பு வருகிறவர்கள், ஒளி ஸ்கேனருக்குள் போகும் முன் "வெளிச்சம் வெட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். இரண்டாவது, வெறுங்காலோடு ஒரு தட்டில் ஏறி, இரண்டு பிடிகளைக் கையில் பிடிக்கச் சொல்லும் எந்திரம். ஜிம்களில் பார்த்திருப்பீர்கள், சில ஸ்கேனர்களோடு சேர்ந்தும் வரும். அது உடம்புக்குள் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கொழுப்பை அளக்கிறது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதில் ஏறக் கூடாது. கர்ப்பிணிகளும் தவிர்க்க வேண்டும் என்றுதான் தயாரிப்பாளர்களே எழுதுகிறார்கள். ஜாக்கெட் தைக்கக் கொழுப்புக் கணக்கு தேவையும் இல்லை.

படி 3: படம் எங்கெல்லாம் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஸ்கேன் முடிந்ததும் நான்கு பொருள் உருவாகின்றன: கேமரா எடுத்த மூலப் படம், அதிலிருந்து செய்த முப்பரிமாண உருவம், அதிலிருந்து எடுத்த அளவுப் பட்டியல், இவற்றோடு கட்டிவைத்த உங்கள் பெயரும் மொபைல் எண்ணும். துணி தைக்க வேண்டியது மூன்றாவது மட்டும். மற்ற மூன்றும் ஏன் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

எந்திரம் பெரும்பாலும் கடைக்காரருடையது இல்லை. வேறொரு கம்பெனி செய்தது, கணக்குப் போடுவது அந்தக் கம்பெனியின் சர்வர், அது எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் இருக்கலாம். கடை மேனேஜர் "நாங்க எதையும் வெச்சுக்கறதில்லைங்க" என்று சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை, அவர் கணினியில் இல்லை, அவ்வளவுதான். எந்திரக் கம்பெனியிடம் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். பிறகு அந்தக் கம்பெனி கைமாறினால் கோப்புகளும் கைமாறும்.

"எந்திரம் படத்தைச் சேமிக்காது" என்ற வார்த்தையை நான் ஏன் நம்புவதில்லை என்றால், 2010-இல் நடந்த ஒன்றினால். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் ஒரு நீதிமன்ற வாசலில் வைத்திருந்த மில்லிமீட்டர் அலை ஸ்கேனர் 35,000-க்கும் மேற்பட்ட படங்களைச் சேமித்து வைத்திருந்தது தெரியவந்தது. அதில் நூறு படங்கள் வெளியிலும் வந்துவிட்டன. அந்தப் படங்கள் தெளிவில்லாதவைதான். ஆனாலும் வாசலைக் கடந்து போன ஒருவருக்குக்கூடத் தன் உருவம் சேர்ந்துகொண்டிருப்பது தெரியாது. நீதிமன்றத்திலேயே அப்படி நடந்திருக்கிறது.

முகம் இல்லையே, வெறும் அளவுதானே என்பார்கள். அளவும் பேசும். ஒரே பெண்ணின் இடுப்பு அளவு நான்கு மாதத்தில் எப்படி மாறியது என்று பார்த்தால், வீட்டில் யாருக்கும் சொல்லாத கர்ப்பத்தைக் கடை விளம்பரம் முதலில் தெரிந்துகொள்ளும். எடை, வயது, இடுப்புச் சுற்றளவு மூன்றும் சேர்ந்தால் உடல்நலம் பற்றி ஊகிக்க இன்சூரன்ஸ்காரருக்குப் போதும். இறுக்கமான உடையில் எடுத்த போட்டோ என்றால் அதை மார்ஃபிங் செய்ய இன்று கணினிப் படிப்பே வேண்டாம். நம் பக்கத்தில் ஒரு பெண்ணின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றினால், அது போலி என்று நிரூபிப்பதற்குள் அவள் படிப்பு நின்றுவிடும், சில வீடுகளில் கல்யாணம் நின்றுவிடும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

படி 4: நிற்பதற்கு முன் வாய் திறந்து கேளுங்கள்

கூச்சப்பட வேண்டாம். இப்படியே கேளுங்கள்:

"படத்தை வெச்சுக்குவீங்களா, அளவு எடுத்ததும் அழிச்சுடுவீங்களா? எத்தனை நாள்ல?"

"இது உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா, வேற கம்பெனிக்குப் போகுமா? அந்தக் கம்பெனி பேர் என்னங்க?"

"ஸ்க்ரீன்ல வர்றதை யாரு பார்ப்பாங்க? லேடீஸ் ஸ்டாஃப் இருக்காங்களா?"

"ஸ்கேன் வேணாம்னா டேப்ல எடுப்பீங்களா?"

கடைசிக் கேள்விதான் உரைகல். "எடுப்போம், அதுக்கென்ன" என்று சொல்கிற கடையில் மற்ற மூன்றுக்கும் பெரும்பாலும் ஒழுங்கான பதில் இருக்கும். "ஸ்கேன் பண்ணினாத்தான் தைப்போம், ஆஃபர் அதுக்குத்தான்" என்றால், அந்தத் தள்ளுபடியை உங்கள் உடம்பின் படத்தை விற்றுத்தான் வாங்குகிறீர்கள். வேறு கடை பாருங்கள். ஆடித் தள்ளுபடி எல்லாத் தெருவிலும்தான் இருக்கிறது.

படி 5: மொபைல் எண்ணும் "சம்மதம்" பட்டனும்

பில் போடும் இடத்தில் எண் கேட்பது பழகிப்போய்விட்டது. பொருள் வாங்க மொபைல் எண் கட்டாயம் என்று வற்புறுத்தக் கூடாது என மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே கடைகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. ஸ்கேன் விஷயத்தில் இது இன்னும் முக்கியம், ஏனென்றால் பெயரில்லாத உருவத்தை உங்கள் உருவமாக மாற்றுவது அந்தப் பத்து இலக்கம்தான். அளவைப் பேப்பரில் அச்சடித்துத் தரச் சொல்லுங்கள். ஓ.டி.பி. கேட்டால், எதற்கான ஓ.டி.பி. என்று குறுஞ்செய்தியை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த இடத்தில் நமக்குத் துணை. சம்மதம் என்பது மனமொப்பி, விஷயம் தெரிந்து, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று கொடுப்பதாக இருக்க வேண்டும். அந்தக் காரியத்துக்குத் தேவையான தரவுக்கு மட்டுமே அது செல்லும். ஜாக்கெட் அளவுக்கு என்று வாங்கிய சம்மதத்தை வைத்து உங்கள் போன் தொடர்புகளை எடுக்க முடியாது. கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதே அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் வழி இருக்க வேண்டும். அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டுமில்லாமல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளிலும் படிக்க வாய்ப்புத் தர வேண்டும், அதில் தமிழ் இருக்கிறது. "தமிழ்ல காட்டுங்க" என்று தைரியமாகக் கேளுங்கள். தரவைப் பாதுகாக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. கடைகள் மேல் விழும் முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம், அதாவது 2027 மே வரை. அதுவரை கை கட்டி நிற்க வேண்டியதில்லை. நம்பிக்கையில் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் இன்னொருவருக்குக் கொடுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அது இன்றே அமலில் இருக்கிறது.

படி 6: உள்ளே நிற்கும்போது

துணை ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுப் போங்கள். அம்மாவோ அக்காவோ தோழியோ, திரைக்கு வெளியே நின்று எந்திரத்தின் மானிட்டர் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பார்க்கட்டும். கடைக்குள் நடந்து போகிறவர் கண்ணில் படும்படி மானிட்டர் இருந்தால், திருப்பச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

உள்ளாடையோடு நிற்கத்தான் வேண்டும் என்பதில்லை. ஒட்டினாற்போல் இருக்கும் லெக்கிங்ஸும் முழுக்கை பனியனும் போட்டால் போதும், அரை இஞ்ச் கூடக்குறைய வருவதைத் தைக்கும்போது சரி செய்துகொள்ளலாம். தலைமுடியைக் கழுத்துக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கினால் தோள் அளவு தவறும். ஊழியர் தன் சொந்தப் போனில் எடுக்க வந்தால் உடனே நிறுத்துங்கள். கடையின் கருவியில் எடுத்தாலும், எடுத்த பிறகு கேலரியையும் "அண்மையில் நீக்கியவை" என்ற இடத்தையும் உங்கள் முன்னாலேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். அழித்த படம் பல போன்களில் முப்பது நாள் அங்கேதான் படுத்திருக்கும்.

அறையில் வேறு கேமரா ஒளித்து வைத்திருப்பார்களோ என்ற பயமும் உண்டு. கண்ணாடியில் நகத்தை வைத்துப் பார்க்கும் சோதனையைப் பலர் பகிர்கிறார்கள். நகத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி இருந்தால் நல்ல கண்ணாடி என்பார்கள். அதை நம்பாதீர்கள். ரசம் முன்பக்கம் பூசியதா பின்பக்கம் பூசியதா என்பதைத்தான் அது காட்டும். அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று காட்டாது. அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து, கையைக் குவித்து எட்டிப் பாருங்கள். பின்னால் அறை இருந்தால் தெரிந்துவிடும். அதே டார்ச்சை மெதுவாகக் கொக்கி, புகை எச்சரிக்கைக் கருவி, திருகு ஓட்டை மேல் ஓட்டுங்கள், லென்ஸ் இருந்தால் சின்னதாகப் பளிச்சிடும்.

படி 7: பிள்ளைகள் என்றால் வேறு கணக்கு

மே, ஜூனில் பள்ளிச் சீருடைக்கு அளவெடுப்பு நடக்கும். வரிசையில் நிற்கவைத்து டேப் வைப்பதே இவ்வளவு நாளும் நடந்தது. இனி, "போட்டோ எடுத்தால் ஒரு மணி நேரத்தில் முந்நூறு பிள்ளைகளுக்கு அளவு" என்று யாராவது வந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். புதிய சட்டப்படி 18 வயதுக்குள் எல்லாரும் குழந்தைகள்தான், அவர்கள் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க வகையில் பெற்றோர் சம்மதம் வேண்டும். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதற்கும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. பள்ளி டைரியில் போட்ட பொதுவான கையெழுத்து இதற்குப் போதும் என்று நான் நினைக்கவில்லை. வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதத்தில் அளவு மாறிவிடும். பிரித்துவிடத் துணி மடித்துத் தைக்கும் சீருடைக்கு முப்பரிமாண உருவம் எதற்கு? பெண் பிள்ளைகளின் போட்டோவைச் சீருடைக்காக எவர் போனிலும் எடுக்க விடாதீர்கள். டீச்சர் சொன்னாலும் சரி.

படி 8: வீட்டில் செயலி வைத்து அளப்பவர்களுக்கு

போட்டோவில் முகம் வராமல் எடுங்கள். செயலி முகம் கேட்டால் வேறு செயலி. பின்னால் சாமி படம், பள்ளிச் சான்றிதழ், வீட்டு எண் எதுவும் தெரியாத வெறும் சுவர் முன்னால் நில்லுங்கள். கேமரா அனுமதியை "செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்" என்று வைத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். தொடர்புகள், இருப்பிடம் இரண்டையும் மறுத்துவிடுங்கள். செயலியைப் போனிலிருந்து தூக்கினால் சர்வரில் இருப்பது போகாது. முதலில் உள்ளே போய்க் கணக்கை நீக்கிவிட்டு, பிறகுதான் செயலியை நீக்க வேண்டும். பலர் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறார்கள்.

டேப் போதுமா?

தையல்காரியாக என் தீர்ப்பு இது. ரெடிமேட் சட்டை, பேன்ட், சுடிதார் டாப் வாங்குவதற்கு ஸ்கேனர் உதவும். ஒரு கம்பெனி மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜாக இருப்பதுதான் அங்கே தலைவலி. இந்திய உடம்புக்கென்று அளவு அட்டவணையே இல்லாமல் இருந்தது. அதற்காகத்தான் தேசிய ஆடை வடிவமைப்புக் கழகமான நிஃப்ட், ஆறு நகரங்களில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் இந்தியா சைஸ் திட்டத்தைத் தொடங்கியது. அது நல்ல வேலை. ஒழுங்காகச் சம்மதம் கேட்டு நடக்கும் ஆய்வுக்கு உடம்பின் அளவு கொடுப்பதை நான் தவறு என்று சொல்லமாட்டேன்.

ஜாக்கெட் வேறு. எந்திரம் உடம்பின் சுற்றளவைச் சொல்லும். எவ்வளவு லூஸ் விட வேண்டும், கழுத்து எவ்வளவு இறங்கினால் உங்கள் மாமியார் வீட்டில் ஒத்துக்கொள்வார்கள், கை எந்த இடத்தில் பிடித்தால் பூ வைக்கத் தூக்கும்போது வலிக்கும் என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்று எந்த ஸ்கேனரையும் விட அதிகம் சொல்லும். அது இல்லையென்றால் வீட்டிலேயே அம்மாவையோ தங்கையையோ எடுக்கச் சொல்லுங்கள்: மேல் மார்பு, மார்பு, இடுப்பு, தோள்பட்டை, கை நீளம், கைச் சுற்றளவு, ஆர்ம்ஹோல், முன் கழுத்து, பின் கழுத்து, ஜாக்கெட் உயரம். டேப் தரைக்கு இணையாக இருக்கட்டும், முதுகுப் பக்கம் கீழே இறங்கிவிடும், அங்கேதான் பாதித் தவறு நடக்கிறது. மூச்சை இழுத்துப் பிடிக்காமல் சாதாரணமாக விடுங்கள். இரண்டு முறை எடுத்து, வேறுபட்டால் மூன்றாவது முறை எடுங்கள்.

படி 9: எடுத்தாகிவிட்டது, இனி அழிக்க வேண்டும்

அந்தப் பென்னாகரத்துப் பெண்ணுக்கு நாங்கள் சேர்ந்து எழுதிய கடிதம் இது. நீங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்:

"மேலாளர் அவர்களுக்கு, ........ தேதி உங்கள் கடையில் என் உடலை ஸ்கேன் செய்து எடுத்த படங்கள், முப்பரிமாண உருவம், அளவுகள், அவற்றோடு சேர்த்த பெயர், மொபைல் எண் ஆகிய அனைத்தையும் உங்கள் கணினியிலிருந்தும், எந்திரத்தை வழங்கிய நிறுவனத்தின் சர்வரிலிருந்தும் நீக்கக் கேட்டுக்கொள்கிறேன். நான் கொடுத்த சம்மதத்தை இதன் மூலம் திரும்பப் பெறுகிறேன். இவை இதுவரை யார் யாருக்குக் கொடுக்கப்பட்டன என்பதையும், நீக்கிய தேதியையும் எழுத்தில் தெரிவிக்கவும். பில் எண்: ........"

மின்னஞ்சலில் அனுப்பினால் நகல் உங்களிடம் இருக்கும். கடைக்கு நேரில் கொண்டுபோனால் இன்னொரு பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அவளுக்கு இரண்டாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. நீக்கிவிட்டோம் என்று ஒற்றை வரி, தேதியோடு.

படி 10: தவறு நடந்துவிட்டால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள். படம் வந்த எண், இணைய முகவரி, தேதி, நேரம் தெரியும்படி திரைப் பிரதி எடுங்கள். ஆதாரத்துக்கு என்று சொல்லிக்கூட அந்தப் படத்தை உறவினர்களுக்கு அனுப்ப வேண்டாம்.

பெண் ஒருவர் தனிமையை எதிர்பார்க்கும் இடத்தில், உள்ளாடையோடு நிற்பது போன்ற அந்தரங்க நிலையில் இருக்கும்போது அவரைப் பார்ப்பதும் படமெடுப்பதும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆம் பிரிவில் குற்றம். முதல் முறைக்கு ஒன்று முதல் மூன்று வருடம், மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. இதில் முக்கியமான விளக்கம் ஒன்று இருக்கிறது: எடுக்கச் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றமே. "நீதானேம்மா போய் நின்ன" என்று யாராவது கேட்டால் இந்த வரியைச் சொல்லுங்கள். ஆண், பெண் யாராக இருந்தாலும் அந்தரங்க உறுப்பைச் சம்மதமில்லாமல் படமெடுப்பது, பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் வரும்.

இணையத்தில் பரவியிருந்தால் 1930-க்கு அழையுங்கள், தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் பதியலாம். பெண்களுக்கு 181, குழந்தை என்றால் 1098. மாவட்டத்திலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. சம்பவம் பெங்களூரில் நடந்தது, அங்கேதான் போக வேண்டும் என்று திருப்பி அனுப்பினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கைது செய்யத்தக்க குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு சொல்கிறது. அதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். சமூக வலைத்தள நிறுவனத்திடமும் உடனே புகார் கொடுங்கள். அந்தரங்கப் படங்கள், மார்ஃபிங் படங்கள் பற்றிப் பாதிக்கப்பட்டவரே புகார் கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2021-இல் வந்த விதி கெடு வைத்தது. இன்னும் பரவாமல் மிரட்டல் மட்டும் வந்திருந்தால் ஸ்டாப் என்சிஐஐ என்ற இணையதளம் உதவும். படத்தை அங்கே ஏற்ற வேண்டியதில்லை, உங்கள் போனிலேயே அதற்கு ஒரு கைரேகை மாதிரி எண் போட்டு, அந்த எண்ணை மட்டும் வலைத்தள நிறுவனங்களுக்குக் கொடுத்துத் தடுக்கச் சொல்கிறது.

படம் வெளியாகவில்லை, ஆனால் கடை அழிக்க மறுக்கிறது, அல்லது அளவை வேறு கடைக்குக் கொடுத்து விளம்பரம் வருகிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம், தர்மபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையான விவகாரத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம், நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே மனு போடலாம்.

என் போன்ற டெய்லர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை

அந்த அம்மா கேட்ட பிறகு என் அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் பெயர், ஊர், போன் நம்பர், மார்பு அளவு. மேஜை மேல் திறந்தே கிடக்கும், துணி கொடுக்க வருகிற யாரும் புரட்டலாம். இப்போது அளவு எழுதும் நோட்டில் எண் மட்டும் போடுகிறேன், அந்த எண் யாருடையது என்பது வேறொரு சிறு நோட்டில், பூட்டிய டிராயரில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அளவு அனுப்புகிறவர்களிடம் போட்டோ வேண்டாம், இலக்கம் மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வருடமாக வராதவர்களின் பக்கத்தைக் கிழித்து எரித்துவிடுகிறேன். அளவெடுக்கும் மூலையில் திரைச்சீலை இரட்டையாகப் போட்டாயிற்று.

ஸ்கேனர் வாங்கப் போகிற கடைக்காரர்கள், எந்திரம் விற்க வருகிறவரிடம் விலை பேசுவதற்கு முன் கேட்க வேண்டியது: மூலப் படத்தை உடனே அழிக்கும் அமைப்பு இருக்கிறதா, இணையம் இல்லாமல் கடைக்குள்ளேயே கணக்குப் போடுமா, அழித்ததற்குச் சான்று தருமா. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கி, அதைத் தமிழில் எழுதி, கூண்டுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள்.